கண்ணை மூடிக்கொண்டு பார்க்க நல்ல படம் எது?

உப்புவெளியான் | ஞாயிறு, மாலை 6.20

அம்மாவுக்கு வலது விழித்திரையின் நடுவில் சிறு துளை. கொழும்பில் சத்திரசிகிச்சை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றை விட்டிருக்கிறார்கள். அது மேல்நோக்கி மிதந்து துளையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமாம். ஆகவே இன்னும் ஒரு கிழமைக்கு முகத்தைக் கவிழ்த்தபடிதான் இருப்பு, படுப்பு, சாப்பாடு எல்லாம். இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. அதை நம்பி எதையும் காட்ட முடியாது.

வெளியே கார்த்திகை மழை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மேசையில் தலையணை, தலையணையில் நெற்றி, அதுதான் அம்மாவின் நாள். நேற்று, "ஏதாவது படத்தைப் போடு, நான் கேட்கிறேன்" என்றார். அண்மையில் வந்த ஒரு படத்தைப் போட்டேன். பாதி நேரம் சண்டை, மீதி நேரம் பின்னணி இசை. "யாரை அடிக்கிறார்கள்? ஏன் அடிக்கிறார்கள்?" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பழகிய படங்களாக இருக்க வேண்டும். காதால் கேட்டாலே விளங்க வேண்டும். செத்த வீடு வேண்டாம். சொல்லுங்கள்.

தம்பலகாமத்துத் தயிர் | ஞாயிறு, மாலை 6.31

பேசும் படம். 1987. கமல் நடித்தது. பெயரிலேயே பேச்சு இருக்கிறது.

உப்புவெளியான் | ஞாயிறு, மாலை 6.34

அந்தப் படத்தில் ஒரு வசனமும் கிடையாது என்பது எனக்கும் தெரியும், தம்பி. தயிரைச் சட்டியோடு உன் தலையில் கவிழ்க்க வேண்டும்.

பென்சன் வாத்தியார் | ஞாயிறு, இரவு 8.05

திருவிளையாடல். வேறு யோசனையே வேண்டாம்.

நான் அந்தப் படத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மனப்பாடம் செய்தவன். 1965 இல் வந்தது. எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல்கள் முடிந்ததும் அதன் கதைவசன இசைத்தட்டு சுழலும். பூவரச மரத்தில் கட்டிய குழாய்க்குக் கீழே கச்சான் சுருளோடு உட்கார்ந்து கேட்போம். தருமி கோயிலில் நின்று புலம்புகிற இடம் வந்தால் கச்சான் விற்கிறவரும் வியாபாரத்தை நிறுத்திவிடுவார். கேள்வி எங்கே முடிகிறது, பதில் எங்கே தொடங்குகிறது என்று எங்களுக்கு மூச்சு விடுகிற இடம் வரைக்கும் தெரியும். பல வருடங்கள் கழித்துத் திரையில் பார்த்தபோது நாகேஷ் அவ்வளவு ஒல்லியாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குரலை வைத்து ஒரு பருமனான புலவரைத்தான் மனத்தில் வைத்திருந்தேன்.

ஒரே படத்தில் கே.பி. சுந்தராம்பாள், பாலமுரளிகிருஷ்ணா, டி.ஆர். மகாலிங்கம், டி.எம். சௌந்தரராஜன் என்று நான்கு பெருங்குரல்கள். பாலையா ஏமநாத பாகவதராக வந்து கர்வத்தோடு பாடுவாரே, அந்தக் குரல் பாலமுரளியுடையது. நக்கீரராக வருபவர் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே. நாடக மேடையிலிருந்து வந்தவர் ஆகையால் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்றே வசனம் எழுதியிருக்கிறார். உங்கள் அம்மா கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார், அவ்வளவுதான்.

அக்காலத்தில் வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தையும் ஒலியாகவே சுருக்கிப் போடுவார்கள். உங்கள் அம்மாவின் வயதுக்காரருக்கு இது புதிதல்ல. நீங்கள்தான் படம் என்றால் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கிண்ணியா நானா | ஞாயிறு, இரவு 8.50

வாத்தியார் சொன்ன படத்தில் கடவுள் மீன்பிடிக்க வருகிற பகுதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடலுக்குப் போகிறவன் அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து எங்கள் கரையில் நான் ஒரு நாளும் கண்டதில்லை. மற்றபடி நல்ல படம்.

என்னுடைய கதை வாத்தியாருடையதற்கு நேர் எதிர். எங்கள் பகுதிக்கு மின்சாரம் இல்லாத காலம். ஒரு கலியாண வீட்டுக்கு இளைஞர்கள் காசு சேர்த்துத் தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் திருகோணமலை நகரத்தில் வாடகைக்கு எடுத்தோம். அப்போது கிண்ணியாப் பாலம் கிடையாது, அது 2009 இல்தான் திறந்தது. பாதை என்கிற மிதவைப் படகில்தான் ஏற்ற வேண்டும். இருக்கிற ஆட்களோடு ஜெனரேட்டரையும் ஏற்றினால் பாதை தாழும் என்று ஓட்டி சண்டை பிடித்தார். கடைசியில், நானும் படம் பார்க்க வருவேன் என்ற நிபந்தனையில் ஏற்றினார்.

இரவு முழுக்க மூன்று படங்கள். அதில் ஒன்று கரகாட்டக்காரன். ஜெனரேட்டரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம். வயர் நீளம் போதவில்லை. அது போட்ட சத்தத்தில் ஒரு வசனமும் கேட்கவில்லை. கவுண்டமணி செந்திலிடம் வாழைப்பழக் கணக்குக் கேட்கிற இடத்தைக் கவுண்டமணியின் முகத்தை மட்டும் பார்த்துச் சிரித்தோம். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, சொந்த வீட்டில், மின்சாரம் வந்த பிறகு. கேட்டதும் சற்று ஏமாற்றம்தான். நான் மனத்தில் எழுதி வைத்திருந்த வசனம் அதைவிடக் காரமாக இருந்தது.

அம்மாவுக்கு என் சிபாரிசு மைக்கேல் மதன காமராஜன். நான்கு கமல். காட்சியைப் பார்க்கத் தேவையில்லை. குரலை வைத்தே பிரிக்கலாம். ஒருவன் கரகரக்கிறான், ஒருவன் வெளிநாட்டில் படித்தவன்போல் இழுக்கிறான், ஒருவன் சென்னைத் தமிழ், ஒருவன் பாலக்காட்டுத் தமிழ். கிரேசி மோகன் எழுதிய வசனம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். சமையற்காரன் சாம்பாரில் மீன் விழுந்து கலவரமாவதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத கட்டம். கிண்ணியாவில் சாம்பாரில் மீன் விழுந்தால் அந்தச் சாம்பாருக்கு நல்ல காலம் பிறந்தது என்று அர்த்தம்.

லிங்கநகர்த் தாதி | ஞாயிறு, இரவு 9.15

நானா, அந்தப் படம் இப்போது வேண்டாம். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பாரம் தூக்காதே, குனிந்து முக்காதே என்று சொல்லி அனுப்புவார்கள். குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதும் சரியா என்று உங்கள் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வாயு கரைந்து முடியும்வரை விமானத்தில் ஏறக் கூடாது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் டிக்கெட் எடுத்து வைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லுங்கள். நெற்றிக்கு வைக்கும் தலையணையை நடுவில் குழியாக மடித்துக் கொடுங்கள், மூக்கு அமுங்காது.

எனக்குப் பிடித்த படம் மௌன ராகம். ஆனால் அதை இங்கே சொல்ல முடியாது. மணிரத்னத்தின் ஆட்கள் பேசுவது பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்பதில்லை.

மழைக்குருவி | ஞாயிறு, இரவு 10.40

பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வந்து வாசிக்கிறேன். எல்லோரும் சத்தமாகப் பேசுகிற படங்களையே சொல்கிறீர்கள். எனக்கு ஆறுதல் தருவது சத்தமே இல்லாத ஒன்று. மை நெய்பர் டோடோரோ என்ற ஜப்பானிய ஓவியப் படம், ஹயாவோ மியாசாகி 1988 இல் எடுத்தது. தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அப்பா இரண்டு பெண் பிள்ளைகளோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார். காட்டில் பெரிய உரோமப் பிராணி ஒன்று இருக்கிறது. வில்லன் கிடையாது. மழையில் பஸ் நிறுத்தத்தில் அப்பாவுக்காகக் குடையோடு காத்திருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் அதுவும் வந்து நிற்கும். பிள்ளை மற்றக் குடையை அதற்குக் கொடுப்பாள். குடைமேல் சொட்டு விழுகிற சத்தத்தில் அதற்குப் பிடிக்கிற குதூகலம்தான் அந்தக் கட்டம்.

இதைக் காதால் மட்டும் கேட்டால் ஒன்றும் விளங்காது என்று நீங்கள் சொல்லலாம். போன மாதம் மழைக்குள் மின்சாரம் போய் மடிக்கணினியும் அணைந்தபோது, என் சின்னவள் அழத் தொடங்கினாள். மீதிப் படத்தை நான் இருட்டில் வாயால் சொன்னேன். ஓட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தது, பின்னணிச் சத்தம் இலவசம். பூனை வடிவத்தில் ஒரு பஸ் வரும் என்று சொன்னபோது அது எந்த வழித்தடம் என்று மூத்தவன் கேட்டான். நிலாவெளி என்று சொல்லிவிட்டேன். இப்போது நிலாவெளி பஸ்ஸைக் கண்டால் இரண்டும் கத்துகின்றன.

அம்மாவிடம் படத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அண்ணா. பக்கத்தில் இருந்து, யார் வருகிறார், யார் போகிறார் என்று சொல்லுங்கள்.

மூதூர் டு டொரன்டோ | திங்கள், காலை 7.10

இங்கே பனி, அங்கே மழை. எனக்கு வீட்டு நினைப்பு வந்தால் போடுவது தெனாலி. 2000 இல் வந்த நாளிலிருந்து எத்தனை தடவை என்று கணக்கில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஒருவன் நம் நாட்டிலிருந்து போய்க் கொடைக்கானலில் ஒரு வைத்தியர் குடும்பத்தைத் திக்குமுக்காட வைக்கிறான். குளிர்காலத்தில் வேலையிலிருந்து இருட்டில் வந்து இருட்டிலேயே போகிற எனக்கு, திரையில் ஒருவன் நம் தமிழில் பேசுவது காதுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல இருக்கும். 2025 இல் வந்த டூரிஸ்ட் பேமிலியும் அப்படித்தான். ராமேஸ்வரத்தில் கரையிறங்கிய குடும்பம் ஒன்று சென்னையில் ஒரு தெருவையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிற கதை. அம்மாவுக்கு இரண்டையும் போடுங்கள்.

பென்சன் வாத்தியார் | திங்கள், காலை 9.30

நம் தமிழ் என்கிறீர்கள். எந்த ஊர்த் தமிழ்? தெனாலியில் கமல் பேசுவது யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டு அதைக் கொஞ்சம் நீட்டி இழுத்தது. மூதூரில் யார் அப்படிப் பேசுகிறார்? கட்டைபறிச்சானிலும் சம்பூரிலும் பேசுவது வேறு, கிண்ணியாவில் பேசுவது வேறு, நகரத்தில் பேசுவது எல்லாம் கலந்தது. தமிழ்நாட்டுத் திரைப்படக்காரருக்கு இலங்கை என்றால் ஒரே ஊர், ஒரே இழுவை. நாற்பது வருடம் தமிழ் படிப்பித்த காதுக்கு அது உறுத்துகிறது. டூரிஸ்ட் பேமிலி அதைவிட மேல், ஆனாலும் அங்கங்கே நழுவுகிறது.

மூதூர் டு டொரன்டோ | திங்கள், மாலை 4.45

சேர், நான் பத்தொன்பது வருடமாக மூதூரில் இல்லை. எனக்கு இழுவையாவது கிடைக்கிறதே.

பென்சன் வாத்தியார் | திங்கள், மாலை 5.20

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாருங்கள், தம்பி. நன்றாகப் பாருங்கள்.

தம்பலகாமத்துத் தயிர் | திங்கள், மாலை 5.22

வாத்தியார் ஐயா தோற்றதை முதல் தடவையாகக் காண்கிறேன். திகதியைக் குறித்துவைக்கிறேன்.

சரி, நானும் ஒழுங்காக ஒன்று சொல்கிறேன். தில்லுமுல்லு, 1981. மீசை இருக்கிற ரஜினி, மீசை இல்லாத ரஜினி, இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தேங்காய் சீனிவாசன்.

லிங்கநகர்த் தாதி | திங்கள், மாலை 5.40

மீசை காதுக்குக் கேட்காது, தம்பி.

உப்புவெளியான் | செவ்வாய், இரவு 9.50

தாமதத்துக்கு மன்னியுங்கள். நேற்று முழுக்க மின்சாரம் வந்து வந்து போனது. வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டேன். சாதாரணமாகச் சிரிக்கலாம், இருமலைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சிரிப்பைப் பற்றி அவரிடம் யாரும் முன்பு கேட்டதில்லைபோல. சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

திருவிளையாடல் போட்டேன். மழைக்குருவி சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது சிவாஜி வருகிறார், இப்போது அரசவை என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் "நீ வாயை மூடு, எனக்குத் தெரியும்" என்றார். பிறகு தருமிக்கு முன்னால் தருமியாகவும் சிவனுக்கு முன்னால் சிவனாகவும் ஒரு அரை வினாடி முந்திக்கொண்டு அவரே பேசினார். தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசுவதால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. ஆயிரம் பொற்காசு என்று வரும் இடத்தில் என் மகள் ஓடிவந்து அப்பம்மா யாரோடு சண்டை பிடிக்கிறார் என்று கேட்டாள்.

அம்மாவுக்கு இந்தப் படம் இவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் நாற்பத்து நான்கு வருடம் இருக்கிறேன்.

தெனாலியும் ஓடியது. வாத்தியார் ஐயாவின் கட்சியையே அம்மாவும் சேர்ந்தவர். "இந்தப் பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார். ஆனாலும் பயங்களை அடுக்குகிற இடத்தில் முதுகு குலுங்கியது.

கிண்ணியா நானா | செவ்வாய், இரவு 10.05

மாஷா அல்லாஹ். மீன் படத்தை மறக்க வேண்டாம்.

மழைக்குருவி | செவ்வாய், இரவு 10.30

சம்சாரம் அது மின்சாரம் போடலாமா? விசுவின் படம், 1986, தேசிய விருது வாங்கியது. மேடை நாடகத்தைப் படமாக்கியதுபோலத்தான், எல்லாம் பேச்சு. காதுக்கு அதைவிட வசதியான படம் கிடையாது. மனோரமா கத்துகிற கத்தலில் அயல் வீட்டாருக்கும் கதை விளங்கும்.

லிங்கநகர்த் தாதி | செவ்வாய், இரவு 10.50

வீட்டுக்கு நடுவில் சோக்கட்டியால் கோடு கிழித்துக் குடும்பம் பிரிகிற படத்தையா, படுத்திருக்கிற மனுஷிக்கு? எனக்கு அதைப் பார்த்தால் இரத்த அழுத்தம் ஏறும். எங்கள் வீட்டில் காணிப் பிரச்சினை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

மழைக்குருவி | செவ்வாய், இரவு 10.52

அக்கா, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்கிற சுகம் தனி.

பென்சன் வாத்தியார் | புதன், காலை 6.15

தில்லானா மோகனாம்பாள் இன்னும் யாரும் சொல்லவில்லையே என்று விடியுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். 1968. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. திரையில் சிவாஜியின் கன்னம் உப்பும், ஆனால் ஊதியவர்கள் மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும். சிவாஜி எவ்வளவு நன்றாக நடித்தார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் அந்தச் சகோதரர்கள் வெளியே வருகிறார்கள். இந்தப் படத்துக்கு உங்கள் அம்மாவின் நிலைமையே உத்தமமான நிலைமை.

பாலையா தவில்காரராக வருகிறார். சிறுவனாக இருந்தபோது அளவெட்டித் தட்சிணாமூர்த்தியின் தவிலைத் திருவிழாவில் நேரில் கேட்டவன் நான். அந்தக் காது எனக்கு இருப்பதால் பாலையாவின் கையைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்ப்பேன். அந்த முகம் போதும்.

உப்புவெளியான் | வியாழன், இரவு 11.20

இன்று மாலை தில்லானா மோகனாம்பாள் தொடங்கினேன். பக்கத்து வீட்டு மாமியும் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளால் வந்துவிட்டார். அவர் திரையைப் பார்க்கிற பக்கத்தில் கதிரையைப் போடவில்லை. அம்மாவுக்கு எதிரே போட்டு, அவரும் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இருவரும் பரீட்சை மண்டபத்தில் தூங்கிவிட்ட பிள்ளைகளைப்போல இருந்தார்கள். ஓடுகிற தொலைக்காட்சியை யாரும் பார்க்கவில்லை.

"நலந்தானா" பாட்டுக்குச் சற்று முன்பு மின்சாரம் போனது. நான் மெழுகுவர்த்தி தேடினேன். அதற்குள் மாமி பாட்டைத் தொடங்கிவிட்டார். சுருதி கோணேசர் மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தது. அம்மா நாதஸ்வரம் வரவேண்டிய இடங்களை வாயாலேயே ஊதினார். பாட்டு முடிந்ததும் இருவரும் நிறுத்தவில்லை. மீதிக் கதை முழுக்க வந்தது. நாகேஷின் வைத்தியை அம்மா எடுத்துக்கொண்டார், மனோரமாவை மாமி. நடுவில் மாமி ஒரு காட்சியை வேறு படத்திலிருந்து கொண்டுவந்து நுழைத்தார். அதற்குப் பத்து நிமிட வழக்கு. இன்னும் தீரவில்லை.

மின்சாரம் ஒன்பதரைக்கு வந்தது. படம் நின்ற இடத்திலிருந்து மறுபடி போடவா என்று கேட்டேன். "அதுதான் முடிந்துவிட்டதே" என்றார்கள்.

வாத்தியார் ஐயா, அம்மா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார். பாலையாவின் கையையும் பார்க்க வேண்டுமாம், பரவாயில்லாமல்தான் அடிக்கிறாராம்.

சனிக்கிழமை வைத்தியர் பார்க்கிறார். அதுவரைக்கும் இன்னும் ஒரு படம் தேவை. பாமா விஜயம் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பதில் ஒலி இரைகிறது. யாரிடமாவது நல்லது இருக்கிறதா?

தம்பலகாமத்துத் தயிர் | வியாழன், இரவு 11.26

இருக்கிறது, அண்ணா. வரவு எட்டணா பாட்டில் ஒரு இரைச்சலும் இல்லை. நாளை மழை விட்டால் பென்டிரைவில் போட்டு எடுத்து வருகிறேன். விடாவிட்டாலும் வருகிறேன். சட்டியைக் கவிழ்க்க மாட்டீர்கள் என்றால் தயிரும் வரும்.